மரத்தில் பழுக்காதது

மதுரையிலிருந்து வந்த பஸ்
வத்தலக்குண்டில் பாதிப் பேரை இறக்கிவிட்டு
மலையேறியது.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன்,
உள்ளே இருந்தவை கீழேயே தங்கிவிட்டன
என்று தெரிந்தும்.

ஒன்பது.
மயக்கம் தெளியும்போது ஷைனி சொன்ன எண்.
ஆய்வகத்தில் ராத்தங்கும் பெண்,
இருபத்தாறு வயதுகூட இருக்காது.
"எல்லாமே பிஞ்சுக்கா.
முப்பத்தேழு டிகிரில வெச்சிருக்கேன்.
நாளைக்குச் சாயங்காலம் போன் பண்றேன்."

தாண்டிக்குடியில் அன்றிரவு பதினாலு டிகிரி.
தகரக் கூரையில் ஆடிச் சாரல்.
காமுத்துரை இரண்டு கம்பளியையும் எனக்குப் போர்த்தி
காப்பிச் சாக்கை எடுத்துக்கொண்டான்.
குளிருதா என்றான்.
எனக்கில்லை என்றேன்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

போன வருடம் ஊசிகள்.
சூலகம் இரண்டும் ஆரஞ்சு அளவு வீங்கி
வயிற்றில் நீர் கோத்து
ஒன்பது நாள் உட்கார்ந்தே தூங்கினேன்.
இனி வேண்டாம் என்றவன் அவன்தான்,
நானில்லை.

அதனால்தான் இந்த வழி.
டாக்டரம்மா தாளில் வட்டம் வட்டமாய் வரைந்தார்.
முதிருமுன்பே எடுத்துவிடலாம்,
முதிர்வது வெளியே, ஒரு சின்னத் தட்டில்.
வாய்ப்பு கொஞ்சம் குறைவு,
உயிருக்கு ஆபத்தில்லை.
"நம்ம பட்டர் புரூட்டு மாதிரிங்க மேடம்"
என்றான் இவன், சந்தோஷமாய்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது.
பஸ் ஸ்டாண்டு வரை பேசாமல் வந்து
டீக்கடையில் வைத்துக் கேட்டேன்:
"பழுத்தா அறுத்துத் திம்போம்ல, அத?"
அவன் டீ ஆறிப்போனது.

ஆனாலும் அது உண்மைதான்.
காப்பிக்கு நிழலாய் நிற்கும் அந்த மரத்தில்
ஒரு காயும் பழுத்து நாங்கள் பார்த்ததில்லை.
மாதக்கணக்கில் தொங்கும், கல்லாய்.
காம்பை வெட்டிய பிறகுதான்
பழுக்க வேண்டும் என்கிற ஞாபகம் வரும் அதற்கு.
ஷைனியும் அதையேதான் சொன்னாள், பழத்தைப் பற்றித் தெரியாமல்:
"நீங்க உங்கம்மா வயித்துல இருக்கும்போதே
பாதி வழில நின்ன முட்டைங்கக்கா இது.
ஒடம்புதான் பொத்தி நிறுத்தி வெச்சிருக்கு.
வெளிய எடுத்தா தானா நடக்க ஆரம்பிக்கும்."

முப்பத்து மூன்று வருடம்
நின்ற இடத்திலேயே நின்றிருக்கின்றன.
நான் பள்ளிக்கூடம் போனேன், கல்யாணம் செய்தேன்,
சீமந்தங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து
வளையல் வாங்கிக்கொண்டு வந்தேன்.
அவை நின்றுகொண்டே இருந்தன.
யாரைக் கோபித்துக்கொள்வது?
பொத்திவைத்த உடம்பையா?

மறுநாள் நாலு மணியிலிருந்தே
பாலத்துத் திருப்பத்தில் நின்றேன்.
எங்கள் பக்கம் அங்கே மட்டும்தான் டவர் எடுக்கும்.
நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று
குடையை விரிப்பதும் மடக்குவதுமாய்.
ஐந்தே முக்காலுக்கு வந்தது.

"நாலு முதிர்ந்திருக்குக்கா.
ஓரத்துல பொட்டு மாதிரி ஒண்ணத் தள்ளியிருக்கு,
அதான் அடையாளம்.
இன்னைக்கே சேத்துடுவோம், அண்ணனோடது இருக்கு.
ரெண்ட காலைல வரைக்கும் பாப்போம்.
மூணு அப்படியே இருக்கு."

"அந்த மூணையும்..."
ஒட்டன்சத்திரம் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே
வளைவில் திரும்பியது.
அவள் ஏதோ சொன்னாள்.
கேட்கவில்லை.
மறுபடி கேட்கவும் இல்லை நான்.

வீட்டுக்கு வந்து நாலு என்றேன்.
அவன் விரலில் எண்ணிப் பார்த்தான்,
நாலை எண்ண விரல் எதற்கு?

ராத்திரி மழை விட்டபோது எழுந்துபோய்
கூடையின் மேல் சாக்கை விலக்கினேன்.
வைக்கோலுக்குள் முந்தாநாள் பறித்த காய்கள்.
ஒன்றின் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

தூங்குகிறான் என்று நினைத்தவன் இருட்டிலிருந்து சொன்னான்:
"அமுக்காத.
அமுக்குன எடம் உள்ள கறுத்துப் போகும்."

விரலை எடுத்துவிட்டேன்.
உள்ளங்கையை மட்டும், கனம் விழாமல்,
கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்திருந்தேன்.
ஜில்லென்றிருந்தது.
அங்கே விளக்கு எரிகிறதா என்று
ஷைனியிடம் கேட்டிருக்கலாம்.